குளிர்காலத்தில் நான்கு நாள் மலையில் தங்க: கொடைக்கானலா, ஊட்டியா, கோத்தகிரியா?

பெரம்பூர்_மாமரம்
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, 11 வயதில் மகன், 6 வயதில் மகள், 71 வயதில் அம்மா. நான்கு இரவு மலையில் ஒரு தனி காட்டேஜ் எடுத்துத் தங்க ஆசை. ஊர் சுற்றும் திட்டம் பெரிதாக இல்லை. காலையில் பனி, கையில் டீ, இரவில் கணப்பு, எல்லோரும் ஒரே வீட்டில். அவ்வளவுதான் வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் போகலாம், பொங்கலில் போகலாம், ஜனவரி கடைசியில் குடியரசு தினத்தையும் சனி ஞாயிறையும் சேர்த்தும் போகலாம். அம்மாவுக்கு லேசான வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். முழங்கால் வலியும் இருப்பதால் படிக்கட்டு அதிகம் ஏற முடியாது. மகளுக்கு வளைவுகளில் வாந்தி வரும். எந்த ஊர் சரியாக இருக்கும்? அந்த ஊர்களில் இருப்பவர்கள், அடிக்கடி போய் வருபவர்கள் சொன்னால் நல்லது.

குறிஞ்சிப்பாதை
யோசிக்கவே வேண்டாம், கொடைக்கானல். அம்மாவுக்காகவே சொல்கிறேன். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை, ஏறத்தாழ சமதளம். முழங்கால் வலி உள்ளவர்கள் தங்களுக்கு முடிந்த அளவு நடந்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர்தான். மேகம் விலகினால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். ஊட்டியில் எங்கே பார்த்தாலும் கட்டடம். கொடைக்கானலில் ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் இன்னும் காடு இருக்கிறது.

காட்டேஜ் எடுப்பதானால் நகருக்குள் வேண்டாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பாருங்கள். பூம்பாறையில் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டுத் தோட்டம். அந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கேதான். அம்மாவுக்குப் பிடிக்கும்.

காபிப்பூ
சென்னையிலிருந்து வருகிறீர்கள், சின்னக் குழந்தை வேறு. ஏற்காட்டை ஏன் யாரும் நினைப்பதில்லை? சேலம் வரை ரயில், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்தில் மேலே. உயரம் 1,500 மீட்டர்தான் என்பதால் குளிர் அம்மாவைப் படுத்தாது. ஜனவரியில் தோட்டங்களில் காபிப் பழம் பறிப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். கணப்பு எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், அதற்குத் தேவையும் இருக்காது.

ஏலக்காய்
நான் போடிக்காரன். மூணாறையும் சேர்த்து யோசியுங்கள். போடிமெட்டு வழியாக ஏறினால் 17 வளைவு, மேலே ஏலத்தோட்டம். ஜனவரியில் செண்டுவாரை பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்துவிடும். மேகமலையும் அருமையான இடம். சின்னமனூரிலிருந்து ஏறும் 18 வளைவுக்கும் ஒவ்வொரு பூவின் பெயர் வைத்திருப்பார்கள், பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மேகமலையில் இரவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சின்னமனூருக்குத்தான் இறங்க வேண்டும். வீசிங் உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு நான் போக மாட்டேன்.

தேயிலைக்கொழுந்து
நான் கோத்தகிரி. பிறந்தது இங்கே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்), திருமணமாகி வந்ததும் பக்கத்து ஹட்டி. அதனால் என் ஊருக்குப் பரிந்து பேசுவது போலத் தெரியலாம். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது ஊர் பற்றி இல்லை, தேதி பற்றி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மழையை முதலில் வாங்குவது மலையின் கிழக்குச் சரிவுகள். நீலகிரியில் கோத்தகிரியும் குன்னூரும் அந்தப் பக்கம்தான். கொடைக்கானலுக்கும் நல்ல மழை இந்த மாதங்களில்தான். ஊட்டி தொட்டபெட்டாவுக்கு மேற்கே இருப்பதால் இந்த மழை அங்கே குறைவு. ஜூன், ஜூலையில் கதை அப்படியே மாறும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. மழை வலுத்தால் மேட்டுப்பாளையம் சாலையில் பாறை விழும், மலை ரயிலும் நிற்கும். டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் மழை அடங்கிவிடும் என்றாலும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் நான்கு நாளும் ஜன்னலுக்கு உள்ளேயே முடிந்துவிடும்.

பொங்கல் கழிந்தபின் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர். உங்கள் மூன்று தேதிகளில் ஜனவரி கடைசியே சிறந்தது. அரையாண்டு விடுமுறையில் வாடகையும் அதிகம், சாலையும் நிரம்பி வழியும். காணும் பொங்கல் நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரம்பூர்_மாமரம்
அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. குளிர்காலம் என்றால் மலையில் டிசம்பர்தான் என்று நினைத்து, டிசம்பர் 26-க்கு ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் போனேன். நல்லவேளை. சரி, தேதி ஜனவரி கடைசி. அப்புறம், ஊர்?

கல்லாறு
மேட்டுப்பாளையத்திலிருந்து பத்தொன்பது வருடமாக மலைக்கு வண்டி ஓட்டுகிறேன். சார், உங்கள் மகளை வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கொடைக்கானல் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் வளைவு முடியவே முடியாது, மூன்று மணி நேரம் ஆகும். பூம்பாறை, மன்னவனூர் என்றால் அதற்கு மேலும் வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை வழியாக ஒன்றேகால் மணி நேரம். நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். காலை பத்து மணிக்கு முன்னால் பையை வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

பாப்பாவை முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார வைக்க வேண்டாம். பின் சீட்டில் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நேராகச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் கையில் கொடுக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். வயிறு ரொம்பக் காலியாக இருந்தாலும் வாந்தி வரும்.

சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வண்டி எண்ணும் தங்கும் இடமும் கேட்பார்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை. டி.என். 43 எண் உள்ள உள்ளூர் வண்டிக்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் வாங்கிக்கொள்வார்கள். வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள்.

குறிஞ்சிப்பாதை
பயண நேரம் பற்றி ஐயா சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் நான்கு நாளும் கோத்தகிரியில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஏரி இல்லை, படகு இல்லை, சைக்கிள் இல்லை. 11 வயதுப் பையன் இரண்டாவது நாளே சலித்துவிடுவான். கொடைக்கானலில் ஏரிச்சாலையில் சைக்கிள் ஓட்டியே ஒரு நாளைக் கழிப்பான்.

தேயிலைக்கொழுந்து
பையன் விஷயம் நியாயமான கேள்வி. கோத்தகிரியில் படகு இல்லைதான். கொடநாடு காட்சிமுனை இருக்கிறது, மாயாற்றுப் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும். லாங்வுட் சோலை இருக்கிறது, ஊருக்குப் பக்கத்திலேயே பழைய சோலைக்காடு. வனத்துறை அனுமதியோடு ஒரு காலை நேரம் போய்ப் பாருங்கள். பறவை பார்க்கும் ஆர்வம் பையனுக்கு வந்தாலும் வரும். கன்னேரிமுக்கில் ஜான் சலிவன் கட்டிய பங்களா இருக்கிறது. 1819-இல் கோவை கலெக்டராக மலை ஏறியவர், ஊட்டிக்குப் போகும் முன் எங்கள் ஊரில்தான் வீடு கட்டினார்.

மலைக்கு வந்து நான்கு நாள் சும்மா இருக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அதற்கு எங்கள் ஊர் பொருந்தும். இரவுக் குளிர் ஊட்டியை விட இரண்டு மூன்று டிகிரி குறைவு. ஊட்டி 2,240 மீட்டர். கோத்தகிரி அதைவிட நானூறு மீட்டர் வரை கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்கு வீசிங் உள்ள அம்மாவுக்கு இரவு மூன்று மணிக்குத் தெரியும்.

இரவுப்பணி
தம்பி, நான் கோவையில் செவிலியராக இருக்கிறேன். ஊர் எதுவானாலும் சரி, ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கணப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பங்களாக்களில் சுவரோடு கட்டிய கணப்பு இருக்கும், புகைபோக்கி கூரை வரை போகும். புதிதாகக் கட்டிய பல காட்டேஜ்களில் அது வெறும் அலங்காரம். இரவில் குளிர் தாங்காமல் கேட்டால் ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அன்பாகத்தான் செய்வார்கள். ஆனால் அதுதான் ஆளைக் கொல்லும். கரியில் தீ தெரியாது, புகையும் தெரியாது. கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வரும். குளிரில் களைத்துத் தூங்குகிறோம் என்று நினைப்பார்கள், அப்புறம் எழ மாட்டார்கள். கொடைக்கானலில் 2024-இல் அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இப்படித்தான் போனார்கள்.

கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்து, ஜன்னலும் அடைத்திருந்தால் அந்த வீடே வேண்டாம். மின்சார கீசர், எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர், கூடவே மின்சாரம் போனால் ஹீட்டர் ஓடும் அளவுக்கு ஜெனரேட்டர், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு: குளிர்ந்த காற்று நேராக மூச்சுக்குழாயில் பட்டால் வீசிங் இறுகும். வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மூடி மப்ளர் கட்டிவிடுங்கள். விறகுப் புகையும் அவருக்கு ஆகாது. இன்ஹேலர் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கைப்பையில். புறப்படுவதற்கு முன் அவருடைய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோத்தகிரியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிதாக ஏதாவது என்றால் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெரம்பூர்_மாமரம்
அக்கா, கை கூப்பி நன்றி சொல்கிறேன். நான் பார்த்து வைத்திருந்த வீட்டுக்காரரிடம் உடனே கேட்டேன். "கணப்பு இல்லை சார், கரி போட்டுத் தருவோம், நல்லா கதகதன்னு இருக்கும்" என்றார். அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

முக்கோண வடிவில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த காட்டேஜ்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டுமாம். எடுக்கலாமா?

தேயிலைக்கொழுந்து
பகலில் அது போல அழகு வேறில்லை. இரவில் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வீட்டுச் சூடு முழுவதும் வெளியே போகும். கூரை தகரமாக இருந்து உள்ளே வெறும் பலகை அடித்திருந்தால் விடிகாலையில் வெளியே நிற்பதற்கும் உள்ளே படுப்பதற்கும் வித்தியாசம் இருக்காது. மாடியில் படுக்கை, ஏறுவதற்கு ஏணி மாதிரிப் படி. அம்மாவால் முடியாது.

எங்கள் பாட்டி காலத்து வீடுகளைப் பாருங்கள், தடித்த சுவர், சின்ன ஜன்னல், ஒரு வீட்டை ஒட்டி அடுத்த வீடு. குளிருக்காகவே அப்படி. நீங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், அது மலையில் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பள்ளத்தின் அடியில், திறந்த புல்வெளி ஓரம் என்றால் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நீர்ப்பனி முதலில் விழுவது அங்கேதான். கிழக்கு பார்த்த சரிவின் நடுவில் நிற்கும் வீடு என்றால் காலை ஏழு மணிக்கே திண்ணையில் வெயில் வந்துவிடும். பக்கத்தில் மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது, உறைபனி தரையில் இறங்காது.

இன்னொன்று, மாலை ஆறுக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். கோத்தகிரியில் கரடி உண்டு. சமையலறை எண்ணெய் வாசனைக்கும் இனிப்புக்கும் வரும், கோயில் விளக்கெண்ணெயைக் கூட விடாது. மிச்ச உணவை வெளியே வைக்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டுமாடு நின்றுகொண்டிருக்கும். பசு மாதிரி சாதுவாகத் தெரியும், கிட்டே போய்ப் படம் எடுக்கக் கூடாது.

பெரம்பூர்_மாமரம்
ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம், கோத்தகிரி. ஆனால் நேற்று இரவு ஒரு சிக்கல். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "ஊட்டியில புல்லு மேல ஐஸ் படியுமாமே, பேப்பர்ல வருஷா வருஷம் போட்டோ போடுறான், அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்" என்றார். எங்களுக்காக இத்தனை வருடம் எதையும் கேட்காதவர். அவருக்குக் குளிர் ஆகாது என்றுதான் இவ்வளவு யோசித்தேன். அவர் கேட்பதே அந்தக் குளிரைத்தான்.

கல்லாறு
சார், அம்மா கேட்டுவிட்டார், காட்டிவிட வேண்டும். மூன்று இரவு கோத்தகிரி, கடைசி இரவு ஊட்டி. கோத்தகிரியிலிருந்து ஊட்டி 30 கிலோமீட்டர்தான். காலை ஆறரைக்குத் தலைகுந்தா போய்விடுங்கள், கூடலூர் சாலையில் இருக்கிறது. வெயில் பட்டால் ஏழரை, எட்டுக்குள் கரைந்துவிடும். முந்தின இரவு வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால் பெரும்பாலும் விழும். மேகம் போர்த்தியிருந்தால் விழாது. புல்வெளிக்குள் எல்லா இடத்திலும் இறங்க விட மாட்டார்கள், சாலை ஓரமே போதும்.

இரவுப்பணி
போகலாம் தம்பி. நான் கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வண்டிக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போங்கள். இறங்குவதற்கு முன் மருத்துவர் சொன்னபடி இன்ஹேலர். மப்ளர், கையுறை, இரண்டு சாக்ஸ். ஐந்து நிமிடம் வெளியே, மறுபடி வண்டிக்குள். மூச்சு இழுத்தால் அப்போதே திரும்பிவிட வேண்டும்.

குறிஞ்சிப்பாதை
அம்மாவின் ஆசையைப் படித்ததும் கொடைக்கானல் வாதத்தை விட்டுவிட்டேன். கொடைக்கானலில் ஜிம்கானா பக்கமும் உறைபனி விழும், ஆனால் ஊட்டி அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. போய்வந்து எழுதுங்கள்.

பெரம்பூர்_மாமரம்
வந்துவிட்டோம். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், அடுத்து யாராவது தேடினால் உதவும்.

கோத்தகிரி வீடு ஒரு பழைய தேயிலைத் தோட்டத்து வீடு. தடித்த சுவர், இரண்டு அறை, வாசலில் மூன்றே படி. கணப்பு உண்மையான கணப்பு. வருவதற்கு முன்பே புகைபோக்கியைச் சுத்தம் செய்தீர்களா என்று கேட்டு உறுதி செய்திருந்தேன். முதல் நாள் சீகை விறகு ஈரமாக இருந்ததால் கூடம் முழுக்கப் புகை, அம்மாவை உள் அறைக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் காய்ந்த விறகு கொடுத்தார்கள், புகை இல்லை. தூங்கப் போகுமுன் தணலை முழுக்க அணைத்துவிட்டு, அறைகளில் மின் ஹீட்டர்தான். இரண்டாவது இரவு மின்சாரம் இரண்டு முறை போனது. ஜெனரேட்டர் கேட்டு வாங்கியது எவ்வளவு சரி என்று அன்று புரிந்தது.

மகளுக்கு ஏறும்போது வாந்தி இல்லை, இரண்டு இட்லி கணக்கு சரியாக இருந்தது. இறங்கும்போது தூங்கிவிட்டாள். மகன் லாங்வுட் சோலையில் ஒரு மலபார் அணிலைப் பார்த்துவிட்டு இன்னும் அதைப் பற்றியே பேசுகிறான். மூன்றாவது நாள் மாலை வீட்டுக்கு எதிரே தோட்டத்தில் ஏழு காட்டுமாடுகள். ஜன்னலிலிருந்தே பார்த்தோம். கணப்புக்கு முன்னால் வர்க்கியை டீயில் தோய்த்துத் தின்று, பரமபதம் ஆடி மூன்று இரவும் போனது. டிவி ஒன்று இருந்தது, யாரும் போடவில்லை.

குறை என்றால் ஒன்று. பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போய்விடுகிறோம். நிழலுக்குள் வந்ததும் நடுங்குகிறது. பிள்ளைகள் இருவருக்கும் சளி பிடித்தது.

கடைசி நாள் ஊட்டியில் ஐந்தரைக்கு எழுந்தோம். இரவு வானம் முழுக்க நட்சத்திரம், அதைப் பார்த்ததுமே ஓட்டுநர் "காலையில உண்டு சார்" என்றார். தலைகுந்தாவில் சாலையோரம் நிறுத்தியபோது புல் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வெளிச்சம் வர வர வெள்ளையானது. நின்றிருந்த வண்டிகளின் கூரையிலும் அதே வெள்ளை. அம்மா மப்ளருக்குள் கண் மட்டும் தெரிய இறங்கினார். கையுறையைக் கழற்ற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. குனிய முடியாததால் மகள் ஒரு புல்லைப் பிடுங்கிப் பாட்டி உள்ளங்கையில் வைத்தாள். அது கரைந்து தண்ணீராகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இன்னொன்று கேட்டார்.